இஞ்சி நுண்பைகள்: செல்லைக் காப்பாற்றுவது பையா, கூடவே வந்த சாறா?

#1 கரிசல்

இஞ்சியிலிருந்து நுண்பைகளை (சவ்வால் மூடிய நானோ அளவுப் பைகள்) பிரித்தேன். பச்சை இஞ்சி 200 கிராம், குளிர்ந்த பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 200 மி.லி. மிக்சியில் அரைத்து, வடிதுணியில் பிழிந்து, சென்ட்ரிஃபியூஜில் 500 ஜி (புவியீர்ப்பின் 500 மடங்கு விசை) 10 நிமிடம், 2,000 ஜி 20 நிமிடம், 10,000 ஜி 40 நிமிடம். பிறகு 0.45 மைக்ரான் ஃபில்டர். கடைசியாக 1 லட்சம் ஜி 90 நிமிடம். பெல்லட்டை (அடியில் படிந்ததை) 1 மி.லி. பிபிஎஸ்ஸில் கரைத்தாயிற்று. என்டிஏ-வில் (துகள்களை எண்ணி அளவு காட்டும் முறை) 150 நா.மீ. அருகே உச்சம்.

ஹாகேட் செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதத் தோல் செல் வரிசை) 24 மணி நேரம் கொடுத்து, அதன்மேல் 300 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு. டிசிஎஃப் (செல்லுக்குள் ஆக்ஸிஜனேற்றத்தைக் காட்டும் சாயம்) ஒளிர்வு நன்றாக இறங்குகிறது. எம்டிடி-யிலும் (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயச் சோதனை) செல்கள் பிழைத்ததாகத் தெரிகிறது. "இஞ்சி எக்ஸோசோம்கள் தோல் செல்களை ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காக்கின்றன" என்று எழுத இது போதுமா? போதாது என்றால் எந்தச் சோதனை விடுபட்டிருக்கிறது?

#2 சுழலி

முதலில் பெயர். எக்ஸோசோம் என்றால் செல்லுக்குள் இருக்கும் பல்பைக் கூடு வெளிச்சவ்வோடு இணைந்து வெளியே விடும் பை. 1987-ல் அந்தப் பெயர் நிலைத்தது ரத்தச் சிவப்பணுவின் முன்னோடிச் செல்லை வைத்து. தாவரத்தில் அப்படிப்பட்ட கூடு வெளிச்சவ்வோடு இணைவது 1967-லேயே கேரட் செல் வளர்ப்பின் எலக்ட்ரான் நுண்படத்தில் தெரிந்திருந்தது. ஆக, தாவர எக்ஸோசோம் என்று ஒன்று உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் மிக்சி பிளேடு செல்லையே கிழித்துவிடுகிறது. வாக்குவோல் சவ்வு, இஆர் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலை) சவ்வு, பிளாஸ்டிட் துணுக்கு எல்லாம் கிழிந்து, தாமாகவே மூடி 100 நா.மீ. பைகளாகிவிடும். உங்கள் பெல்லட்டில் இருப்பது அந்தக் கலவை. நுண்பை ஆய்வுக்கான மைசெவ் 2023 வழிகாட்டியும், பிறந்த இடம் நிரூபிக்கப்படாதவரை பொதுப்பெயரையே பயன்படுத்தச் சொல்கிறது. "இஞ்சியிலிருந்து பெற்ற நுண்பைகள்" என்று எழுதுங்கள், நடுவர் கேள்வியில் பாதி அங்கேயே அடங்கும்.

உண்மையிலேயே செல்லுக்கு வெளியே வந்த பைகள்தான் வேண்டுமென்றால் இலையை அரைக்கக் கூடாது. 20 மில்லிமோலார் எம்இஎஸ், 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 0.1 மோலார் உப்பு, பிஎச் 6. இந்த பஃபரை வெற்றிடத்தில் இலைக்குள் ஏற்றி, 700 முதல் 900 ஜி-க்குள் மெதுவாகச் சுழற்றி, செல் இடைவெளி நீரை மட்டும் வடிக்க வேண்டும். அராபிடாப்சிஸ் இலைக்கு இது அழகாக நடக்கும். இஞ்சிக் கிழங்குக்கு நடக்காது.

அடுத்தது, "1 லட்சம் ஜி 90 நிமிடம்" மட்டும் எழுதினால் யாராலும் திருப்பிச் செய்ய முடியாது. ரோட்டார் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) பெயர் எங்கே? அதிகபட்ச ஆரத்தில் 1 லட்சம் ஜி என்று வைத்தால், 70 டிஐ ரோட்டாரில் சுமார் 31,200 ஆர்பிஎம், கே எண் (கூடினால் துகள் மெதுவாக இறங்கும்) சுமார் 220. அதே ஜி-க்கு எஸ்டபிள்யூ 32 டிஐ சுமார் 24,200 ஆர்பிஎம், கே எண் சுமார் 355. முன்னதில் 90 நிமிடத்தில் இறங்குவது பின்னதில் இறங்க 145 நிமிடம் ஆகும். ஒரே ஜி, ஒரே நேரம் என்று போட்டுவிட்டு "விளைச்சல் பாதிதான் வந்தது" என்று இங்கே எத்தனை இழைகள் பார்த்தாயிற்று!

#3 பகுப்பாளி

சுழலி சொன்னதற்கு மேல், வேதியியல் பக்கம்.

இஞ்சி அரைத்ததும் பழுப்பாவது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் வேலை. பழுப்பான ஃபீனால் புரதத்தோடு ஒட்டி, பெல்லட்டைப் பிசின் மாதிரி ஆக்கும். கிழங்கை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, மிக்சியைப் பத்துப் பத்து வினாடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜாரே சூடாகும். பழுப்பைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலம் போடுவது பல ஆய்வகங்களில் வழக்கம். உங்கள் வேலைக்கு அது கூடாது: ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பை அளக்கப் போகும் மாதிரியில் நாமே வைட்டமின் சி-யைக் கலந்து வைப்பதாகும். கரையாத பிவிபிபி பாலிமர் தூள் எடைக்கு 1 முதல் 2 சதவீதம் போட்டுக் கலக்கி, முதல் சுழற்சியிலேயே கீழே தள்ளிவிடுங்கள். அது ஃபீனாலைப் பிடித்துக்கொண்டு போகும்.

பிசிஏ-வில் புரதம் அளந்தீர்களா? அந்த முறையின் அடிப்படையே தாமிரத்தை ஒடுக்குவது. ஜிஞ்சரால் (இஞ்சியின் காரப் பொருள்), டானின், சர்க்கரை எல்லாமே தாமிரத்தை ஒடுக்கும். தாவர மாதிரியில் பிசிஏ எண் எப்போதும் ஊதியே இருக்கும். புரதத்தை டிசிஏ-வில் (டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) வீழ்படிவாக்கி, குளிர்ந்த அசிட்டோனில் இருமுறை கழுவி, பிறகு அளந்தால் ஓரளவு நம்பலாம். தூய்மைக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு: ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடி துகளுக்கு மேல் இருந்தால் சுத்தம், 200 கோடி அளவுக்கு இறங்கினால் கலப்படம். அது விலங்குச் செல் பைகளுக்கு வகுத்த எண். இங்கே ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என்டிஏ-வைப் பற்றி ஒரு வரி. அது துகளை எண்ணும், பையை எண்ணாது. ஸ்டார்ச் தூள், பெக்டின் கட்டி, ஜிஞ்சரால் எண்ணெய்த் துளி எல்லாமே அதற்குத் துகள்தான். மாதிரியின் ஒரு பங்கில் டிரைட்டான் எக்ஸ்-100 (சவ்வைக் கரைக்கும் சோப்புப் பொருள்) ஒரு சதவீதம் போட்டு அரை மணி நேரம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். சவ்வுப் பை என்றால் எண்ணிக்கை சரியும். சரியாமல் நிற்கும் பகுதி பை அல்ல. டிரைட்டானும் நுண்திரள் கட்டும் என்பதால், டிரைட்டான் மட்டும் போட்ட பிபிஎஸ்ஸும் ஒரு ஓட்டம் வேண்டும்.

#4 கல்ச்சர்_ரூம்

நான் செல் பக்கம் மட்டும் பேசுகிறேன். கரிசல், உங்கள் டிஎம்இஎம் (செல் வளர்ப்பு ஊடகம்) பாட்டிலில் "சோடியம் பைருவேட் 1 மில்லிமோலார்" என்று இருக்கிறதா? இருந்தால் உங்கள் 300 மைக்ரோமோலார் பெராக்சைடு செல்லைத் தொடுவதற்கு முன்பே பைருவேட்டோடு ஒன்றுக்கு ஒன்று வினைபுரிந்து பெரும்பாலும் காலி. மிச்சத்தை ஊடகத்தில் சேர்க்கும் ரத்த சீரத்தின் கேட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கும் நொதி) பார்த்துக்கொள்ளும். பெராக்சைடு கொடுக்கும்போது பைருவேட் இல்லாத, சீரம் இல்லாத ஊடகம், இல்லையென்றால் எச்பிஎஸ்எஸ் (செல்லுக்கான உப்புக் கரைசல்).

பெராக்சைடு பாட்டிலும் நம்பத்தக்கதல்ல. 30 சதவீதப் பாட்டில் சுமார் 9.8 மோலார், ஆனால் திறந்து மூடிப் பழசானது எவ்வளவு என்று அதற்கே தெரியாது. 10 மில்லிமோலாராக நீர்த்து 240 நா.மீ.-யில் பாருங்கள். மோலார் உறிஞ்சு எண் 43.6, ஆகவே 0.436 வர வேண்டும். 0.3 வந்தால் கணக்கை மாற்றுங்கள். ஒவ்வொரு சோதனை நாளும் புதிதாக நீர்க்க வேண்டும்.

இன்னொன்று: செல்களே பெராக்சைடைத் தின்னும். 96 குழித் தட்டில் 5,000 செல் போட்டதற்கும் 20,000 போட்டதற்கும் அதே 300 மைக்ரோமோலார் வேறு வேறு அடி. நுண்பை கொடுத்த குழியில் 24 மணி நேரத்தில் செல் சற்று அதிகமாகப் பெருகியிருந்தாலே "பாதுகாப்பு" வந்துவிடும். பெராக்சைடுக்கு முன் ஒரு தட்டை எண்ணிப் பாருங்கள்.

டிசிஎஃப்: 10 மைக்ரோமோலார், 30 நிமிடம், இருட்டு, சீரம் இல்லாமல். சீரத்தின் எஸ்டரேஸ் சாயத்தை வெளியிலேயே உடைத்துவிடும், பிறகு அது செல்லுக்குள் போகாது. டிசிஎஃப் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதும் இல்லை, இரும்போ பெராக்சிடேஸ் நொதியோ நடுவில் வேண்டும். ஆகவே இரும்பைப் பிடித்து வைக்கும் எந்தப் பாலிஃபீனாலும் டிசிஎஃப்-ஐ இறக்கும், செல்லில் ஒன்றும் மாறாமலேயே. ஆம்ப்ளெக்ஸ் ரெட் சாயத்தை வைத்து ஊடகத்தில் மிஞ்சிய பெராக்சைடையும் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

எம்டிடி-யை இந்த வேலையில் விட்டுவிடுங்கள். ஜிஞ்சரால், அஸ்கார்பேட் போன்றவை செல்லே இல்லாத குழியிலும் எம்டிடி-யை ஊதா ஆக்கும். அதே வகைச் சாயமான டபிள்யூஎஸ்டி-8-க்கும் இதே வியாதி. கிரிஸ்டல் வயலெட் சாயம் பழங்காலத்து முறைதான், ஆனால் இங்கே அதுதான் நேர்மையானது. கூட எல்டிஎச் (சிதைந்த செல் கசியவிடும் நொதி) வையுங்கள்.

இப்போது உங்கள் தலைப்புக் கேள்வி. பையா சாறா என்று பிரிக்க ஒரு எளிய வழி கால இடைவெளி. நுண்பை 24 மணி நேரம், பிறகு இருமுறை கழுவல், பிறகு பெராக்சைடு. இது ஒரு வரிசை. நுண்பையும் பெராக்சைடும் ஒன்றாக, கழுவாமல். இது இன்னொரு வரிசை. இரண்டாவதில் மட்டும் பாதுகாப்பு என்றால் அது குழிக்குள் நடந்த வெறும் வேதிவினை. கழுவிய பிறகும் நிற்கிறதென்றால் செல் தன் தற்காப்பை எழுப்பியிருக்கிறது. அப்போது எச்ஓ-1, என்க்யூஓ1 ஆகிய தற்காப்பு மரபணுக்களை 6, 12, 24 மணி நேரங்களில் க்யூபிசிஆரில் (மரபணுச் செயல்பாட்டை அளக்கும் முறை) பாருங்கள். அவற்றை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதத்தின் தடுப்பானான எம்எல்385-ஐ 5 மைக்ரோமோலாரில் முன்கூட்டிக் கொடுத்தால் பாதுகாப்பு மறைய வேண்டும். எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) வைத்தும் உறுதிசெய்தால் நல்லது.

#5 கரிசல்

பாட்டிலைப் பார்த்தேன், பைருவேட் இருக்கிறது. கழுவாமல்தான் செய்ததும். அப்படியானால் அந்தத் தட்டுகளைக் கணக்கில் எடுக்க முடியாது.

ஆனால் ஒரு சந்தேகம். ஜிஞ்சராலும் அதிலிருந்து உண்டாகும் ஷோகாலும் கொழுப்பில் கரைபவை. பையின் சவ்வுக்குள்ளேயே அவை உட்கார்ந்திருக்கும். அதை "கலப்படம்" என்று சொல்வது நியாயமா? அதுதானே சரக்கு?

#6 பகுப்பாளி

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

100 நா.மீ. விட்டமுள்ள உருண்டை ஒன்றின் கன அளவை ஆயிரம் கோடியால் பெருக்கினால் வருவது சுமார் 5 நானோலிட்டர். உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்து எடை ஏறத்தாழ 5 மைக்ரோகிராம். அழகுப் பொருள் பெட்டியில் "ஆயிரம் கோடி எக்ஸோசோம்" என்று போடுவார்களே, அவ்வளவும் சேர்ந்து இவ்வளவுதான்!

அதில் 5 சதவீதம் ஜிஞ்சரால் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.26 மைக்ரோகிராம். 1 மி.லி. ஊடகத்தில் அது 1 மைக்ரோமோலாருக்கும் குறைவு, ஏனெனில் 6-ஜிஞ்சராலின் மூலக்கூறு எடை 294. ஒரு மைக்ரோமோலார் ஃபீனால் 300 மைக்ரோமோலார் பெராக்சைடை நேருக்கு நேர் அழிப்பது நடக்காத காரியம். ஆக, மி.லி.-க்கு ஆயிரம் கோடி துகள் கொடுத்து, ஊடகத்தின் பெராக்சைடே பாதியாகக் குறைந்தால், அதைச் செய்தது பை அல்ல. பெல்லட்டோடு ஒட்டிவந்த சாறோ, பெராக்சிடேஸ், கேட்டலேஸ் நொதியோதான். தாவரச் சாற்றில் பெராக்சிடேஸ் கொட்டிக் கிடக்கும், அதை மறந்துவிட வேண்டாம். 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்த மாதிரி ஒன்றை ஒப்பீட்டுக்கு ஓட்டினால் நொதியின் பங்கு தெரியும்.

சமிக்ஞை வழி என்றால் கதை வேறு. ஷோகால், என்ஆர்எஃப்2-ஐப் பிடித்து வைத்திருக்கும் கீப்1 புரதத்தின் சிஸ்டீனில் ஒட்டி என்ஆர்எஃப்2-ஐ விடுவிக்கக்கூடியது, அதற்கு ஒன்றுக்கு ஒன்று கணக்கு தேவையில்லை. 2015-ல் எலிகளில் மது தந்த கல்லீரல் சேதத்தை இஞ்சித் துகள்கள் குறைத்த ஆய்வும் ஷோகாலையும் என்ஆர்எஃப்2-ஐயும்தான் காட்டியது. ஆனால் பச்சை இஞ்சியில் தூக்கலாக இருப்பது ஜிஞ்சரால். அது காய்ந்தோ சூடுபட்டோ நீர் மூலக்கூறு இழந்தால் ஷோகால். சுக்குக்கு இஞ்சியைவிட வேறு காரம் இருப்பதும் அதனால்தான். உங்கள் மிக்சி ஜார் சூடு, கிழங்கின் வயது, கடையில் எத்தனை நாள் கிடந்தது எல்லாம் இந்த விகிதத்தை மாற்றும். ஒவ்வொரு தொகுதிக்கும் எச்பிஎல்சி (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) 280 நா.மீ.-யில் இரண்டையும் அளந்து எழுதிவையுங்கள்.

அளந்தபின் மூன்று ஒப்பு மாதிரிகள்: அதே அளவு தூய ஜிஞ்சராலும் ஷோகாலும், நுண்பையின் கொழுப்பை மட்டும் குளோரோஃபார்ம்-மெத்தனாலில் பிரித்து, படலமாக்கி, நீரேற்றிச் செய்த லிப்போசோம், 1 லட்சம் ஜி சுழற்சியில் மேலே நின்ற திரவம். லிப்போசோமும் நுண்பையும் ஒரே பலன் தந்தால் புரதம், ஆர்என்ஏ பற்றிப் பேச வேண்டாம். தூய ஜிஞ்சராலே போதுமென்றால் பையைப் பற்றியும் பேச வேண்டாம்.

#7 வெந்தயம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் துறை ஆள் இல்லை. வீட்டில் இஞ்சியை அரைத்து வடிகட்டி முகத்தில் பூசினால் இந்தப் பைகள் கிடைக்கும்தானே?

#8 களிம்பு

பைகள் இருக்கும், கூடவே எரிச்சலும் இருக்கும். ஜிஞ்சரால் காரத்தை உணரும் நரம்பு முனையைத் தூண்டும், முகத்தோல் சிவக்கும். பதப்படுத்தாத சாறு ஃப்ரிட்ஜிலும் கெடும். பூச வேண்டாம்.

அதைவிட, பை உள்ளே போகுமா என்பதே பெரிய கேள்வி. தோலின் மேல் கொம்புப் படலம் 10 முதல் 20 மைக்ரான் கனம். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு அதைக் கடப்பது கடினம் என்று 2000-ல் வகுத்த விதியை இன்றும் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். 100 நா.மீ. பை அந்த அளவுக்கு முன்னால் மலை. முழுசாக நுழையாமல், மேலே உடைந்து கொழுப்பும் சிறு மூலக்கூறுகளும் மட்டும் இறங்கலாம், மயிர்க்கால் வழியே கொஞ்சம் போகலாம். தட்டில் வளர்த்த ஹாகேட் செல்லுக்கு இந்தக் கொம்புப் படலமே கிடையாது. ஆகவே தட்டில் கிடைத்த பலனை க்ரீமுக்கு அப்படியே ஏற்றக் கூடாது. பன்றிக் காதுத் தோலில் ஃபிரான்ஸ் செல் (தோலைக் கடப்பதை அளக்கும் கலம்) சோதனை, டேப் ஒட்டி உரித்துப் படலம் படலமாக அளப்பது, அல்லது வளர்த்தெடுத்த மேல்தோல் மாதிரி, இவற்றில் ஒன்றாவது வேண்டும்.

ஊசி உருளை வைத்துத் துளையிட்டு உள்ளே இறக்குகிறார்களே என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். பூசும் பொருளின் கிருமித் தரம் வேறு, தோலைத் துளைத்து இறக்கும் பொருளின் தரம் வேறு. எக்ஸோசோம் தயாரிப்புகளைப் பற்றி 2019 டிசம்பரிலேயே அமெரிக்க எஃப்டிஏ (உணவு, மருந்து நிர்வாகம்) பொது எச்சரிக்கை விட்டது, நோயாளிகளுக்குப் பாதிப்பு நேர்ந்த பிறகு. அது மனித மூலப்பொருள் சார்ந்த விவகாரம். ஐரோப்பிய ஒன்றியம் மனிதச் செல்லிலிருந்து பெற்றதை அழகுப் பொருளில் தடைசெய்திருக்கிறது. தாவர எக்ஸோசோம் சந்தையில் திடீரென்று பூத்ததற்கு அறிவியலைவிட அந்தத் தடைக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

க்ரீம் செய்பவர்களுக்கும் ஒரு சொல். பாலிசார்பேட், எஸ்எல்இஎஸ் (நுரைப் பொருள்), 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால், இவை எல்லாமே சவ்வைக் கரைக்கவோ கசியவைக்கவோ கூடியவை. முகப்பூச்சு சீரத்தில் நுண்பை சேர்த்த அன்றும், 30-ம் நாளும், 40 டிகிரியில் வைத்த மாதிரியிலும் துகள் எண்ணிக்கை எடுக்காமல் "எக்ஸோசோம் சீரம்" என்று லேபிள் ஒட்டுவது வீண்.

#9 சுழலி

மேலே கரிசல் கேட்காமல் விட்டது: பெல்லட்டைச் சுத்தம் செய்வது எப்படி. சுக்ரோஸ் அடுக்கு 8, 30, 45, 60 சதவீதம், 1.5 லட்சம் ஜி, 2 மணி நேரம். இஞ்சிக்கு 8/30 எல்லையிலும் 30/45 எல்லையிலும் பட்டை நிற்கும். இரண்டையும் தனித்தனியே எடுங்கள், கலக்க வேண்டாம், இரண்டும் ஒரே சரக்கல்ல. எடுத்த பட்டையை பிபிஎஸ்ஸில் ஐந்து மடங்காவது நீர்த்த பிறகே மறுபடி சுழற்றுங்கள். நீர்க்காமல் சுழற்றினால் சர்க்கரையின் அடர்த்தியில் பை மிதந்துகொண்டே இருக்கும், "பெல்லட்டே வரவில்லை" என்று கையைப் பிசைவீர்கள்.

பிஇஜி (துகளை வீழ்படிவாக்கும் பாலிமர்) பற்றி: மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம்) ஆய்வாளர்கள் 2020-ல் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இல்லாமல், பிஇஜி-6000 கொண்டு இஞ்சித் துகளைப் பிரித்துக் காட்டினார்கள். செலவு குறைவு, விளைச்சல் நன்று. ஆனால் பெக்டினும் புரதமும் கூடவே இறங்கும். உணவு வேலைக்குப் பொருந்தும். பையா சாறா என்று பிரிக்க வேண்டிய இந்த வேலைக்கு வேண்டாம்.

#10 பகுப்பாளி

சுக்ரோஸ் அடுக்கில் எனக்கு முழு உடன்பாடில்லை, சுழலி. அதில் பெராக்சிடேஸ் ஒட்டியே வருகிறது. செஃபரோஸ் சிஎல்-2பி (அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்), 10 மி.லி. பத்தி, 0.5 மி.லி. மாதிரி, 0.5 மி.லி. வீதம் பிடித்தால் 7 முதல் 9 வரையிலான குழாய்களில் நுண்பை, 12-க்குப் பிறகு கரைந்த புரதமும் ஃபீனாலும். ஒவ்வொரு குழாயிலும் கொயாக்கால் சேர்த்துப் பெராக்சிடேஸ் பார்த்தால் பிரிவு கண்ணுக்கே தெரியும், செங்கல் நிறம் எங்கே ஏறுகிறதோ அங்கே நொதி.

#11 சுழலி

ஏற்கிறேன், ஆனால் பெக்டின் பெரிய மூலக்கூறு. அது உங்கள் 7 முதல் 9-லேயே வந்து உட்காரும். அடுக்கு முதலில், பத்தி பிறகு. இரண்டும் செய்தால் விளைச்சல் கால்வாசி ஆகும், அதற்கேற்ப 200 கிராமுக்குப் பதில் ஒரு கிலோவில் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

#12 கல்ச்சர்_ரூம்

எல்லோரும் மறந்த ஒன்று: இஞ்சி மண்ணுக்குள் விளைவது. தோலில் ஒட்டிய கிராம்-எதிர் பாக்டீரியாவும் 100 நா.மீ. அளவில் சவ்வுப் பைகள் விடும். சுழற்சியில் அவையும் உங்கள் பெல்லட்டில்தான். 0.22 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவை நிறுத்தும், அதன் பையை நிறுத்தாது. தோல் சீவி, 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கி, மலட்டு நீரில் மூன்று முறை அலசுங்கள். எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) பார்க்கும்போது சாதாரண எல்ஏஎல் கிட் தாவரக் கேலோஸ் போன்ற பீட்டா-குளுக்கானுக்கும் பொய்யாக எழும். ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி கிட் வாங்குங்கள்.

முதுமைத் தடுப்பு என்று தலைப்பில் போடும் எண்ணம் இருந்தால் ஹாகேட் உதவாது. அது அழியா வரிசை, பி53 மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியது. இளம் தலைமுறை மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் எடுத்து, 150 முதல் 200 மைக்ரோமோலார் பெராக்சைடு 2 மணி நேரம், கழுவி, நான்கைந்து நாள் வளர்த்து, முதுமைச் செல்லை நீலமாக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயம் போடுங்கள். சாயக் கரைசல் பிஎச் சரியாக 6.0. தட்டை கார்பன்டைஆக்சைடு இன்குபேட்டரில் வைக்காதீர்கள். வாயு கரைந்து பிஎச் இறங்கும், எல்லாச் செல்லும் நீலமாகும். தட்டு நெருக்கமாக நிரம்பினாலும் பொய் நீலம் வரும். கூட பி16, பி21, எம்எம்பி-1, புரோகொலாஜன் ஆகிய குறியீடுகளையும் பாருங்கள். ஒரே குறியீட்டை வைத்து முதுமை என்று எழுதாதீர்கள்.

#13 கரிசல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கடைசிக் கேள்வி. மாதிரியை எப்படிச் சேமிப்பது? பை செல்லுக்குள் போவதைக் காட்ட பிகேஎச்26 (சவ்வில் ஒட்டும் சிவப்பு ஒளிர்சாயம்) போதுமா?

#14 சுழலி

ட்ரெஹலோஸ் 25 மில்லிமோலார் சேர்த்து, ஒரு சோதனைக்கு வேண்டிய அளவாகப் பங்கிட்டு, ஒட்டாத குழாயில், மைனஸ் 80. மைனஸ் 20 வேண்டாம், பனிப்படிகம் மெதுவாக வளர்ந்து சவ்வைக் கிழிக்கும். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

#15 கல்ச்சர்_ரூம்

பிகேஎச்26 தனியாகவே பை அளவில் திரளும், செல் அதையும் விழுங்கும், படத்தில் வித்தியாசம் தெரியாது. பை இல்லாத பிபிஎஸ்ஸில் அதே சாயம் போட்டு, அதே பத்தியில் ஓட்டி, அதே குழாய்களை எடுத்து ஒரு குழிக்குக் கொடுங்கள். அதுவும் சிவப்பாகப் புள்ளி காட்டினால் உங்கள் படம் செல்லாது. 4 டிகிரியில் ஒரு தட்டும் வையுங்கள், விழுங்குதல் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்று, யாராவது மஞ்சளுக்கு மாறலாம் என்று யோசித்தால்: குர்குமின் தானே பச்சையாக ஒளிரும், டிசிஎஃப் அளக்கும் அதே ஜன்னலில். சாயம் போடாத குழியைக் கழிக்காமல் ஒரு எண்ணையும் எழுதாதீர்கள். 96 குழித் தட்டில் ஓரக் குழிகளில் பிபிஎஸ் மட்டும் நிரப்பி, நடுவில் உள்ள 60-ஐ மட்டும் பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்தில் ஓரம் ஆவியாகி பெராக்சைடு இல்லாமலேயே செல் வாடும்.